போலிக் கணக்குக்குப் பின்னால் இருப்பவரைக் கண்டுபிடிக்கவே முடியாதா?

கேள்வி செந்தூலிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவர் வீட்டிலிருந்தே டிக்டாக் லைவில் சேலை விற்கிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் எழுதியதன் சுருக்கம்: "நாலு மாசமா ஒரு போலி ஐடி என் லைவ்ல வந்து அசிங்கமா எழுதுது. போன வாரம் என் மகள் படிக்கிற பள்ளிப் பேரையும் போட்டுட்டான். போலீஸ் பலாய்க்குப் போனா, போலி ஐடியைக் கண்டுபிடிக்க முடியாது, பிளாக் பண்ணிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. ஐசி (அடையாள அட்டை) காட்டினாத்தான் கணக்கு திறக்க முடியும்னு சட்டம் வந்தா இதெல்லாம் நிக்கும்தானே அக்கா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு என் பதில் "நிற்காது" என்பதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களிடம் பலாயில் சொன்ன வார்த்தையைப் பார்ப்போம். கோலாலம்பூரில் பத்தொன்பது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். "கண்டுபிடிக்க முடியாது" என்று கேட்டுவிட்டு என் மேசைக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் பலருடைய விஷயத்தில் ஆள் கிடைத்தார். கிடைக்காமல் போனதும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாமல் இருப்பது வேறு, பதில் சொல்லாமல் தப்பிப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகவே நினைத்துப் பயப்படுகிறோம்.

நம் நாட்டில் பெயரில்லாத கணக்கு என்பது மெல்லிய திரைதான். கணக்கு திறக்கக் கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ வேண்டும். ப்ரீபெய்ட் சிம் அட்டைகளைக்கூட மைகாட், அதாவது ஐசி, காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2006 முதல் இருக்கிற நடைமுறை. கணக்குக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் பதிவில் ஒரு ஐபி முகவரி, அதாவது அந்த இணைய இணைப்பின் எண், விழும். அந்த முகவரி எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துடையது, அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று கேட்டுக்கேட்டுப் போனால் ஒரு மைகாட் எண்ணில் போய் நிற்கும். கைப்பேசி இணைப்பில் மட்டும் ஒரு சிக்கல். ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அதனால் எத்தனை மணி, எத்தனை நிமிடம், முடிந்தால் எத்தனை வினாடி என்று துல்லியமாகச் சொன்னால்தான் ஆளைப் பிரித்தெடுக்க முடியும். "போன மாசம் ஒரு நாள் ராத்திரி" என்று சொன்னால் அங்கேயே கயிறு அறுந்துபோகும். இணைப்பின் முகவரியை மறைக்கும் விபிஎன் போட்டு, வேறொருவர் பேரில் சிம் வாங்கி, திட்டமிட்டுச் செய்கிறவர்களைப் பிடிப்பது உண்மையிலேயே கடினம். ஆனால் லைவில் ஒரு பெண்ணைப் பார்த்த ஆத்திரத்தில் ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டுகிறவர்களில் எத்தனை பேர் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்?

அப்புறம், முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவரைப் பயமுறுத்துவது இணையத்தோடு வந்த வியாதி இல்லை. நம் பாட்டிமார் மொட்டைக் கடிதாசி என்று சொல்வார்களே, அதுதான் இது. தண்டனைச் சட்டத்தின் 507-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக 2 ஆண்டு வரை சிறை. 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1872 முதல் நடைமுறையில் இருந்தது. கப்பலில் கடிதம் போன காலத்திலேயே பேரை மறைப்பதைக் குற்றத்தை இன்னும் கனமாக்கும் விஷயமாகத்தான் சட்டம் பார்த்தது.

அந்தப் பிரிவுக்குப் பக்கத்திலேயேதான் இப்போது புதிய பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். 507ஏ, ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, 2023 மே மாதம் வந்தது. பகடிவதைக்கான (புல்லியிங்) 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. இவை வரக் காரணமான பெண்ணை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஈஷா என்று டிக்டாக்கில் எல்லாரும் அறிந்த ராஜேஸ்வரி அப்பாவு. செத்தாப்பாக்கில் இருந்த தன் வீட்டில் 2024 ஜூலை 5 அன்று இறந்துபோனார். அதற்கு முன்பே, இணையத்தில் தன்னை மிரட்டுவதாகக் காவல்துறையில் புகார் கொடுத்திருந்தார்.

அந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் மனம் ஒரே இடத்தில் போய் நிற்கும். அவரைத் துன்புறுத்தியதாகச் சொல்லப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகவில்லை. ஒரு கணக்கு புனைபெயரில்தான் இயங்கியது, ஆனாலும் அந்த மாதமே ஆள் கைதானார், தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கு வந்தது. இன்னொருவர் ஒரு பெண். குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறு குற்றங்கள் சட்டம் 1955, 14-ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். நூறு வெள்ளி. அந்தப் பிரிவில் அதற்கு மேல் விதிக்க வழியே இல்லை. ஆளைத் தெரியும், முகத்தைத் தெரியும், பேரைத் தெரியும், நீதிமன்றத்தில் நிறுத்தவும் முடிந்தது. அதன் பிறகும் சட்டத்தின் கையில் இருந்தது நூறு வெள்ளிதான். அதனால்தான் பெயரை வெளிக்கொண்டு வந்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. மிரட்டும், ஏசும், இழிவுபடுத்தும் சொற்களால் வேண்டுமென்றே ஒருவருக்குத் துன்பமோ பயமோ கொடுத்தால் 507பி, 3 ஆண்டு வரை சிறை. ஒருவரை உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குத் தள்ளினால் 507டி, 10 ஆண்டு வரை. உங்கள் மகளின் பள்ளியைப் போட்டானே, அது 507இ, 507எஃப் பிரிவுகளின் கீழ் பார்க்க வேண்டிய விஷயம். ஒருவரை அடையாளம் காட்டும் தகவலைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு வெளியிடுவதே தனிக் குற்றம். உங்களை ஏசியதைவிட இதைத்தான் நான் முதலில் எடுப்பேன், ஏனென்றால் இதில் ஒரு குழந்தை இருக்கிறது.

தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் இருக்கிறது. 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு அபராதத்தின் உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது, சிறை 2 ஆண்டு வரை. இந்தப் பிரிவை நான் தேவைப்படும்போது பயன்படுத்துகிறேன், ஆனால் அதன் மேல் எனக்கு முழு நிம்மதி இல்லை. ஒரு பிரதமரைக் கோமாளி முகத்தோடு வரைந்த ஓவியருக்கு ஈப்போ நீதிமன்றம் 2018-இல் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது இதே பிரிவின் கீழ்தான். மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை ரத்தானது, அபராதமும் 10,000 ரிங்கிட்டாகக் குறைந்தது. கேலிச்சித்திரத்துக்குக் குறைத்த பிறகும் பத்தாயிரம், ஒரு பெண்ணை நிம்மதியில்லாமல் செய்ததற்கு நூறு. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் வலிக்கிறது. அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்வதும், சேலை விற்கும் பெண்ணை நாலு மாதம் விடாமல் துரத்துவதும் ஒன்றில்லை. நீங்கள் விற்ற சேலை சாயம் போகிறது என்று ஒருவர் கடுமையாக எழுதினால் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, ஐசி கேட்கிற யோசனைக்கு வருகிறேன். 16 வயதுக்குட்பட்டவர்களைத் தடுக்க அடையாளச் சரிபார்ப்பு கொண்டுவரப்போவதாக நம் அரசாங்கமும் 2025-இல் அறிவித்தது. பிள்ளைகளுக்காக என்றால் அது தனிப் பேச்சு. எல்லாருக்கும் என்றால், தென்கொரியா செய்து பார்த்துவிட்டது. 2007-இல் பெரிய இணையத்தளங்களில் உண்மைப் பெயரைச் சரிபார்த்தால்தான் எழுத முடியும் என்று சட்டம் போட்டார்கள். 2011-இல் அங்கே ஒரு பெரிய ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. நிறுவனத்திடம் நம் ஐசி நகல் போய்ச் சேர்ந்தால், அது எங்கே கசியும் என்பது நம் கையில் இல்லை. உங்கள் வீட்டு முகவரி அந்த ஆளின் கையில் போவதற்கு இன்னும் ஒரு வழி திறந்ததாகத்தான் ஆகும்.

மறைந்திருக்கத் தேவையுள்ளவர்களையும் நினைத்துப் பாருங்கள். அடிக்கிற கணவனை விட்டு ஓடிவந்து பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டில் இருக்கும் பெண், தன் கணக்கில் சொந்தப் பேரைப் போட்டால் ஒரே வாரத்தில் கதவு தட்டப்படும். முதலாளி சம்பளம் பிடித்ததை வெளியே சொல்ல நினைக்கும் தொழிலாளி, கோவில் கணக்கில் குளறுபடி என்று கேட்க நினைக்கும் உறுப்பினர், இவர்களுக்கெல்லாம் அந்தத் திரை ஒரு கூரை. அதைப் பிடுங்கினால் முதலில் நனைவது அவர்கள். உங்களைத் தொல்லை செய்கிறவன் வேறொரு ஐசியைத் தேடிக்கொள்வான்.

வேறொருவரின் ஐசி என்று சொன்னதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வைத்தார். அச்செடுத்த ஸ்கிரீன்ஷாட்கள், அறுபதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால் பட்டை பட்டையாக அடித்திருந்தது. அந்த வார்த்தைகளைத் தன் மகன் பார்த்துவிடக் கூடாது என்று அச்செடுத்த கையோடு தானே அழித்திருக்கிறார். படத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெட்டப்பட்டிருந்தன. அங்கேதான் கணக்கின் பேரும் நேரமும் இருந்திருக்கும். "அந்தப் பேரைப் பாக்கவே பிடிக்கலம்மா" என்றார். கைப்பேசியில் அசல் இருக்கிறதா என்று கேட்டேன். அழித்துவிட்டேன் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் ஒரு மனிதரின் சாட்சியத்தையே எப்படித் தின்றுவிடும் என்று அன்றைக்குப் பார்த்தேன். வெட்கப்பட வேண்டியவர் அவரில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், ஆனால் போன ஆதாரம் போனதுதான்.

நல்ல வேளையாக அந்த ஆள் நிறுத்தவில்லை. அடுத்த முறை எழுதியபோது முறையாகப் பதிவு செய்தோம். அதில் ஒரு வரி, அவருடைய கணவரின் திதி அன்று வீட்டுக்கு யாரும் வரவில்லையே என்று. திதி நாள் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? சந்தேகம் அவர் குடியிருந்த தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், சுருங்கியது. விசாரணையில் எண் வெளிவந்தபோது, அது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் மைகாட்டில் பதிவாகியிருந்தது. கைப்பேசியில் எழுத்துத் தட்டவே தெரியாதவர். பயன்படுத்தியது அவருடைய மகன்.

இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சட்டம் இருக்கிறது. சாட்சியச் சட்டம் 1950-இல் 2012-இல் சேர்த்த 114ஏ பிரிவு. ஒரு பதிவில் யாருடைய பேரோ படமோ புனைபெயரோ இருக்கிறதோ, எந்த இணைப்பு யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு அவருடையது. புகார் கொடுக்கிறவருக்கு இது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டி பலாய் பெஞ்சில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அதனால் சொல்கிறேன், உங்கள் பேரில் இருக்கும் சிம்மை யாருக்கும் கொடுக்காதீர்கள், வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். உங்கள் படத்தைப் போட்டு யாராவது போலிக் கணக்கு திறந்தால் அன்றைக்கே ரிப்போர்ட் செய்துவிடுங்கள். பின்னால் அந்தக் கணக்கு யாரையாவது ஏசினால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அந்த வழக்கு நீதிமன்றம் போகவில்லை. ஆசிரியை கேட்டது இரண்டே விஷயம்: இனி எழுதமாட்டேன் என்று வழக்கறிஞர் முன்னால் கையெழுத்து, தன் மகன் முன்னால் மன்னிப்பு. இரண்டும் கிடைத்தன. சிறைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று என் சக வழக்கறிஞர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது நடந்தால் நியாயம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இனி உங்கள் விஷயம். லைவ் முடிந்ததும் எழுதியவை கண்ணிலிருந்து போய்விடும். அதனால் அடுத்த லைவில் உங்கள் கணவரோ தங்கையோ இன்னொரு கைப்பேசியில் லைவைப் பார்த்தபடி திரையைப் பதிவு செய்யட்டும். அவன் எழுதியதும் அந்தப் பேரைத் தட்டி அவனுடைய பக்கத்துக்குப் போய், மேலிருந்து கீழ் வரை காட்டி, லிங்க்கை நகலெடுத்து வையுங்கள். டிக்டாக்கில் யூசர்நேமை 30 நாளுக்கு ஒரு முறை மாற்ற முடியும், பேர் மட்டும் இருந்தால் பிறகு அதே கணக்கு என்று காட்டுவது சிரமம். எதையும் வெட்டாதீர்கள், அழிக்காதீர்கள், மார்க்கர் போடாதீர்கள். அசல் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மட்டும் போதாது. இதையெல்லாம் செய்த பிறகு பிளாக் செய்யுங்கள், டிக்டாக்கிடம் புகாரும் கொடுங்கள். முதலில் புகார் கொடுத்து அவர்கள் நீக்கிவிட்டால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

பலாயில் கொடுக்கும் வாசகம் முக்கியம். "என்னைப் பற்றித் தவறாக எழுதுகிறார்கள்" என்று எழுதினால் அது மூடிவைக்க வசதியான ரிப்போர்ட். இன்ன தேதி, இரவு 9.42, இன்ன கணக்கு, இன்ன வார்த்தை, அப்படியே எழுத வேண்டும். அசிங்கமான சொல்லாக இருந்தாலும் அப்படியே. மகளின் பள்ளிப் பேரைப் போட்ட வரியைத் தனியாக எழுதுங்கள். அடுத்து, அதனால் உங்களுக்கு என்ன ஆனது என்பது: தூக்கம் போனது, மகளைத் தனியாக அனுப்பப் பயமாக இருப்பது, எத்தனை நாள் லைவ் போடவில்லை என்பது. துன்பமும் பயமும்தான் 507பி பிரிவின் உயிர், அவை ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் விசாரணை அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 2025 ஜூலை 11-க்குப் பிறகு நடந்ததற்கு மட்டுமே இந்தப் புதிய பிரிவுகள் பொருந்தும், உங்களுடையது எல்லாம் அதற்குப் பிறகுதான். ரிப்போர்ட் எண்ணையும் அதிகாரியின் பேரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்த பலாயிலும் கொடுக்கலாம், முதலில் திருப்பி அனுப்பிய இடத்துக்கே போக வேண்டும் என்றில்லை.

கூடவே சைபர்ஜெயாவில் இருக்கும் எம்சிஎம்சிக்கு, அதாவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு, இணையம் வழியாகப் புகார் செய்யுங்கள். இங்கே 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் 2025 ஜனவரி முதல் உரிமம் பெற வேண்டும். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025, 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஏசியும் மிரட்டியும் துன்புறுத்தும் பதிவுகள் அதில் தீங்கான உள்ளடக்கமாகவே பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நிறுவனம் உங்கள் புகாரைக் கிடப்பில் போட்டால் அதையும் எம்சிஎம்சியிடம் சொல்ல முடியும்.

எழுதுவது பாலியல் தொல்லையாக இருந்து ஆளும் தெரியவந்தால், 2024 மார்ச் முதல் இயங்கும் பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமலேயே போகலாம், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆள் யார் என்று சொல்லும்படி நிறுவனத்துக்கே உயர்நீதிமன்ற ஆணை வாங்கும் வழியும் உண்டு. அதற்குச் செலவு அதிகம், உங்களுக்கு இப்போது தேவையில்லை.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். எதிர்க் கடைக்காரப் பெண்தான் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேரை லைவில் சொல்லாதீர்கள். தவறாகப் போனால் அவதூறு வழக்கில் நிற்கப்போவது நீங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுப் பத்துப் பேர் அந்தப் பெண்ணின் வீட்டு முகவரியைத் தேடி எடுத்துப் போட்டால், இன்றைக்கு நீங்கள் அனுபவிப்பதை நாளைக்கு அவர் அனுபவிப்பார்.

உங்கள் லைவை வழக்கமாகப் பார்க்கிறவர்களிடமும் எனக்குக் கேட்க இருக்கிறது. அவன் எழுதும்போது இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள் என்று சொன்னீர்கள். அவர்கள் போலிக் கணக்குகள் இல்லை. சொந்தப் பேர், சொந்தப் படம், குலசாமி படம்கூட வைத்திருப்பவர்கள். அந்த இருநூறில் நாலு பேர் அந்த வரியைப் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பியிருந்தால், நாலு மாதம் ஆகியிருக்காது. வாடிக்கையாளர்களிடம் இதை நேராகவே கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், யாரும் அவர்களிடம் கேட்டதில்லை என்பதுதான் பல வழக்குகளில் நான் பார்த்தது.

"பொம்பளைக்கு எதுக்கு லைவ்" என்று வீட்டில் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கும் பயம்தான், அப்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடையை மூட வேண்டியதில்லை. மனம் தாங்காத ராத்திரிகளில் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் 15555, தாலியான் காசே 15999, இந்த மூன்று உதவி எண்களில் ஏதாவது ஒன்றைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தாங்க முடியாத நிலை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

நாளைக் காலையில் முதல் வேலையாக மகளின் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், பிள்ளையை யார் கூப்பிட வரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பலாய்க்குப் போகுமுன் ரிப்போர்ட் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள், மலாயில் சரிபார்த்துத் தருகிறேன்.